ஒரு மடங்கு கெயின், பத்துக் கேள்விகள்

ஆப்-ஆம்ப்பின் (இரண்டு இன்புட்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) அவுட்புட்டை எடுத்து மைனஸ் இன்புட்டில் மாட்டினால் ஃபாலோயர், அதாவது இன்புட் வோல்டேஜை அப்படியே அவுட்புட்டில் தரும் சர்க்யூட், தயார் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வரி சொல்லாமல் விட்டவை.

கேள்வி: 741 ஆப்-ஆம்ப்பின் கெயின் (பெருக்கம்) 2 லட்சம் என்கிறது டேட்டாஷீட். அத்தனையையும் ஃபீட்பேக்கில் (அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்புவதில்) கரைத்துவிட்டு 1 மடங்கு மட்டும் எடுப்பதில் என்ன லாபம்? அதற்கு ஒரு ஒயரே போதாதா?

பதில்: போதாது. ஒயர் சிக்னலைக் கொண்டுபோவதோடு சுமையையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். 100 கிலோஓம் உள்மின்தடை உள்ள சென்சாரை 10 கிலோஓம் சுமையோடு நேராக இணைத்தால் பதினொன்றில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் மிஞ்சும். நடுவில் ஃபாலோயர் இருந்தால் சென்சாருக்குச் சுமை தெரியாது, சுமைக்கும் சென்சாரின் மின்தடை தெரியாது.

ஆப்-ஆம்ப்பின் முன்வாசலில் இருப்பது ஒரு டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர். அது பார்ப்பது இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. அவுட்புட் முழுவதும் மைனஸுக்குத் திரும்பி வருவதால், அவுட்புட்டில் 1 வோல்ட் நிற்க 1 வோல்ட்டை 2 லட்சத்தால் வகுத்த வித்தியாசம், அதாவது 5 மைக்ரோவோல்ட் போதும். அந்த 5 மைக்ரோவோல்ட்தான் பிழை. 741-இன் ஆஃப்செட்டே (இரண்டு இன்புட்டுக்கும் நடுவே பிறவியிலேயே இருக்கும் பிழை வோல்டேஜ்) 1 மில்லிவோல்ட் அளவில் இருக்கும்போது இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 1927-இல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக் கண்டுபிடித்த வியாபாரம் இதுதான்: கெயினைக் கொடு, துல்லியத்தை வாங்கு.

ஆனால் 2 லட்சம் என்பது டிசிக்கு மட்டும். 741-இல் சுமார் 5 ஹெர்ட்ஸிலேயே கெயின் இறங்கத் தொடங்கிவிடும். 10 கிலோஹெர்ட்ஸில் கையில் இருப்பது 100 மடங்கு, 100 கிலோஹெர்ட்ஸில் 10 மடங்கு. ஃபீட்பேக் இல்லாதபோது 75 ஓமாக இருக்கும் அவுட்புட் மின்தடையும் அதற்கேற்ப 0.75 ஓம், 7.5 ஓம் என்று ஏறும். அதிர்வெண் கூடக் கூட ஏறுவதால் அது ஒரு காயிலைப் போல நடந்துகொள்ளும். கீழே நீளக் கேபிள் பற்றி வரும் பதிலில் இது வேலைக்கு வரும்.

கேள்வி: ஐசி இல்லாமல், இரண்டு பி.சி.547 டிரான்சிஸ்டர் வைத்து டிஃபரன்ஷியல் ஜோடி கட்டி அதையே ஃபாலோயராக்கப் பார்த்தேன். சப்ளை ±5 வோல்ட், கலெக்டரில் 10 கிலோஓம். அவுட்புட் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, இன்புட்டை அசைத்தாலும் நகரவில்லை. எங்கே தவறு?

பதில்: தவறான கலெக்டரிலிருந்து ஃபீட்பேக் எடுத்திருக்கிறீர்கள். இன்புட் வரும் டிரான்சிஸ்டரை முதலாவது என்றும், ஃபீட்பேக் வரும் டிரான்சிஸ்டரை இரண்டாவது என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதன் கலெக்டர், இரண்டாவதன் பேஸ் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் போகும். அதை அந்த பேஸோடு இணைத்தால் அது நேர்மறை ஃபீட்பேக். சர்க்யூட் பூட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எடுக்க வேண்டியது இரண்டாவதன் கலெக்டர். அதை அதே டிரான்சிஸ்டரின் பேஸில் மாட்டுங்கள். கலெக்டரும் பேஸும் ஒட்டியிருந்தாலும் அது டயோடு இணைப்பில் உள்ள டிரான்சிஸ்டர்தான், சாச்சுரேஷனுக்குப் போகாது. முதலாவதன் கலெக்டரில் ரெசிஸ்டரே வேண்டாம், நேராக +5 வோல்ட்டில் கொடுங்கள்.

எமிட்டர்கள் சேரும் இடத்திற்கு 1 மில்லிஆம்பியர் கரன்ட் சோர்ஸ் தேவை. இன்னொரு பி.சி.547 எடுத்து, அதன் பேஸுக்கும் −5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு சிவப்பு எல்இடி (சுமார் 1.8 வோல்ட்) போடுங்கள். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 3.3 கிலோஓம், எமிட்டரிலிருந்து −5 வோல்ட்டுக்கு 1.2 கிலோஓம். 1 மில்லிஆம்பியருக்குச் சற்றே குறைவாக வரும். எல்இடி மங்கலாக எரியும், அது சரிதான்.

கணக்கு இப்படி. இன்புட் 0 வோல்ட் என்றால் அவுட்புட்டும் 0, 10 கிலோஓமில் 5 வோல்ட், எனவே இரண்டாவதில் 0.5 மில்லிஆம்பியர். மிச்சம் 0.5 முதலாவதில். ஜோடி சமநிலையில் நிற்கிறது. +5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் பொருந்துவது இந்தச் சமநிலைக்காகத்தான். சப்ளையை 12 வோல்ட்டாக்கினால் ரெசிஸ்டரையும் 24 கிலோஓமாக்க வேண்டும். இனி இன்புட்டை +1 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். இரண்டாவதில் 0.4, முதலாவதில் 0.6 மில்லிஆம்பியர் என்று பிரியும். அப்படிப் பிரிய இரண்டு பேஸுக்கும் 26 மில்லிவோல்ட் × இயல் மடக்கை (ln) 1.5, அதாவது 10.5 மில்லிவோல்ட் வித்தியாசம் தேவை. எனவே அவுட்புட்டில் 1 வோல்ட்டுக்குப் பதில் 0.9895 வரும். +3 வோல்ட்டில் பிரிவு 0.2, 0.8 ஆகிவிடும், பிழை 36 மில்லிவோல்ட். இன்புட் மூன்று மடங்கானதற்குப் பிழை மூன்றரை மடங்கு ஆகிறது பாருங்கள், அந்த வளைவுதான் மூன்றாம் ஹார்மோனிக் டிஸ்டார்ஷனாகக் காதில் விழும். கீழ்ப்பக்கம் −3 வோல்ட் தாண்டினால் கரன்ட் சோர்ஸுக்கே இடம் போதாது.

சுமை சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அவுட்புட்டில் 10 கிலோஓம் வைத்தால், +1 வோல்ட்டில் அது 0.1 மில்லிஆம்பியரை இழுத்துக்கொள்ளும், இரண்டாவதற்கு 0.3 தான் மிஞ்சும். பிழை 22 மில்லிவோல்ட்டாக இரட்டிக்கும். இந்தச் சர்க்யூட்டின் அவுட்புட் மின்தடை 100 ஓம் அளவில் இருக்கிறது என்பதன் இன்னொரு முகம் இது.

மேம்படுத்த இரண்டு வழி. 10 கிலோஓமை எடுத்துவிட்டு இரண்டு பி.சி.557 கொண்ட கரன்ட் மிரரை வைத்தால், திறந்த கெயின் (ஃபீட்பேக் இல்லாதபோது உள்ள கெயின்) நூறிலிருந்து ஆயிரக்கணக்கிற்குப் போகும். அல்லது இரண்டாவதன் கலெக்டருக்குப் பின் ஒரு எமிட்டர் ஃபாலோயரைச் சேர்த்து, அதன் எமிட்டரிலிருந்து ஃபீட்பேக் எடுக்கலாம். சுமை ஜோடியைத் தொடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் சிறிய ஆப்-ஆம்ப்பே கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், கூடவே ஆசிலேஷன் பயமும் வரும்.

ஒரு எச்சரிக்கை: ஜோடி டிரான்சிஸ்டர்களின் தட்டை முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். இரண்டுக்கும் 1 டிகிரி வெப்ப வித்தியாசம் இருந்தால் 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் வரும். விரலை ஒன்றின் மேல் வைத்தால் மீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே சிலிக்கானில் ஜோடி உள்ள சி.ஏ.3046 கிடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கேள்வி: எல்.எம்.358 ஆப்-ஆம்ப்பை 5 வோல்ட் சப்ளையில் பஃபராக (ஃபாலோயராக) வைத்திருக்கிறேன். பொட்டென்ஷியோமீட்டரை முழுக்கத் திருப்பினாலும் அவுட்புட் 3.5 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஐசி போலியா?

பதில்: ஐசி நல்லதுதான். எல்.எம்.358-இன் இன்புட்டும் சரி, அவுட்புட்டும் சரி, மேல் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். கெயின் 10 உள்ள சர்க்யூட்டில் இன்புட் வரம்பு கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே இன்புட் அரை வோல்ட்டுக்குள் அசையும். ஃபாலோயரில் இன்புட்டும் அவுட்புட்டும் ஒன்றாகவே நடப்பதால் இரண்டு வரம்பும் ஒரே நேரத்தில் இடிக்கும்.

5 வோல்ட் முழுக்க வேண்டுமென்றால் இன்புட், அவுட்புட் இரண்டும் ரெயில்-டு-ரெயில் ஆன, அதாவது சப்ளையின் இரண்டு முனைகள்வரை போகும் ஐசி வேண்டும். எம்.சி.பி.6002 அப்படிப்பட்டது, சப்ளை 1.8 முதல் 6 வோல்ட் வரை, அதற்கு மேல் கொடுத்துவிடாதீர்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று எல்.எம்.வி.358 வாங்கினால் ஏமாற்றம்தான்: அதன் அவுட்புட் ரெயில்வரை போகும், இன்புட் 4 வோல்ட் சுமாரில் நின்றுவிடும். ஃபாலோயருக்கு அது பாதித் தீர்வு.

அடிப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். எல்.எம்.358 பூஜ்யத்தருகே உள்ளிழுக்கக்கூடிய கரன்ட் 50 மைக்ரோஆம்பியர் அளவுதான். அவுட்புட்டை ஏதாவது ஒரு ரெசிஸ்டர் மேல் நோக்கி இழுத்துக்கொண்டிருந்தால் 0.6 வோல்ட் வாக்கில் தொங்கி நிற்கும். அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோஓமோ 10 கிலோஓமோ போடுங்கள். ஆடியோ சிக்னலில் தெரியும் கிராஸ்ஓவர் முறிவும் அதிலேயே குறையும்.

கேள்வி: டி.எல்.072 ஃபாலோயர் மேஜையில் நன்றாக வேலை செய்கிறது. 10 மீட்டர் கோஆக்ஸ் கேபிள் மாட்டியதும் சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் மணி அடித்தாற்போல அதிர்கிறது. கேபிளின் மறுமுனையில் சுமை 10 கிலோஓம்தானே?

பதில்: மறுமுனையில் 10 கிலோஓம், வழியெங்கும் கெப்பாசிட்டர். சாதாரண 50 ஓம் கோஆக்ஸில் மீட்டருக்கு 100 பைகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 10 மீட்டருக்கு 1 நானோஃபாரட். ஆப்-ஆம்ப்பின் உள் அவுட்புட் மின்தடை 150 ஓம் என்றால் இரண்டும் சேர்ந்து 1.06 மெகாஹெர்ட்ஸில் ஒரு வடிகட்டியாகிறது. ஃபீட்பேக் எடுப்பது அந்த வடிகட்டிக்குப் பின்னாலிருந்து. திரும்பி வரும் தகவல் தாமதமாக வருகிறது, ஆம்ப்ளிஃபயர் அதற்குள் தேவைக்கு மேல் தள்ளிவிடுகிறது.

டி.எல்.072-க்கு பேண்ட்வித் 3 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், லூப் கெயின் (ஃபீட்பேக் வளையத்தை ஒருமுறை சுற்றி வரும்போது உள்ள கெயின்) 1 ஆகும் இடம் 1.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். அங்கே இந்த வடிகட்டி மட்டும் 57 டிகிரி பின்னடைவு தரும். உள் காம்பன்சேஷனின் (ஆசிலேட் ஆகாமலிருக்க ஐசிக்குள் வைத்த கெப்பாசிட்டரின்) 90-ஐயும் சேர்த்தால், 180-க்கு மீதி 33 டிகிரி. அதுதான் உங்கள் ஃபேஸ் மார்ஜின். 100% ஃபீட்பேக் என்பதால் இதைவிட மோசமான இணைப்பு கிடையாது. கெயின் 10-இல் இதே கேபிள் சத்தமே போட்டிருக்காது.

எளிய மருந்து: அவுட்புட் பின்னுக்கும் கேபிளுக்கும் நடுவே 100 ஓம். ஃபீட்பேக் ஒயர் ஐசியின் பின்னிலேயே இருக்கட்டும், ரெசிஸ்டருக்குப் பின்னால் போகக் கூடாது. இப்போது அதே இடத்தில் பின்னடைவு 23 டிகிரிக்குக் குறைந்து, மார்ஜின் 67 ஆகும். விலை என்னவென்றால் 10 கிலோஓம் சுமையில் 1% வோல்டேஜ் குறையும். ஆடியோவுக்கு அது பொருட்டல்ல.

அளவீட்டு வேலைக்கு அந்த 1% உறுத்தும். அப்போது: 100 ஓம் அப்படியே இருக்க, அதன் கேபிள் பக்கத்திலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 10 கிலோஓம்; ஐசியின் அவுட்புட் பின்னிலிருந்து நேராக மைனஸ் இன்புட்டுக்கு 100 பைகோஃபாரட். டிசியும் மெதுவான சிக்னலும் கேபிளின் வாயிலேயே சரிபார்க்கப்படும். வேகமான ஃபீட்பேக் கெப்பாசிட்டர் வழியாகக் குறுக்கே வந்துவிடும். கெப்பாசிட்டரின் கீழ் வரம்புக்கு, சுமைக் கெப்பாசிட்டர் × (உள்மின்தடை + 100 ஓம்) ÷ 10 கிலோஓம் என்று போடுங்கள். இங்கே 25 பைகோஃபாரட் வரும், அதன் மூன்று நான்கு மடங்கு வைப்பது பாதுகாப்பு.

சரியாயிற்றா என்று பார்க்க, 100 மில்லிவோல்ட் சதுர அலை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பெரிய படியில் ஸ்லூ ரேட் (அவுட்புட் மாறக்கூடிய உச்ச வேகம்) அதிர்வை மறைத்துவிடும். ஓவர்ஷூட் (படி தன் உயரத்தைத் தாண்டி எகிறும் அளவு) 16% என்றால் ஃபேஸ் மார்ஜின் சுமார் 52 டிகிரி, 25% என்றால் 43, 37% என்றால் 33. நாங்கள் 25%-க்கு மேல் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆசிலோஸ்கோப் பிரோபை 10 மடங்கு நிலையில் வையுங்கள். 1 மடங்கு நிலையில் அதுவே 100 பைகோஃபாரட் சேர்க்கும், நோயையே கருவி உண்டாக்கிவிடும். எல்.எம்.358 பயன்படுத்துகிறவர்களுக்கு: அதன் டேட்டாஷீட் ஃபாலோயருக்கு உறுதி சொல்வது 50 பைகோஃபாரட்வரைதான். அரை மீட்டர் கேபிள்!

கேள்வி: என்.இ.5534-ஐ பஃபராக்கினால் ஆசிலேட் ஆகிறது, என்.இ.5532 ஆவதில்லை. இரண்டும் ஒரே குடும்பம் இல்லையா?

பதில்: குடும்பம் ஒன்று, உள் காம்பன்சேஷன் வேறு. 5532 ஒரு மடங்குக்கே நிலையாக நிற்கும்படி செய்யப்பட்டது. 5534-க்கு கெயின் குறைந்தது 3 வேண்டும். அந்த அளவுக்குக் காம்பன்சேஷனைக் குறைத்து வேகம் வாங்கியிருக்கிறார்கள். 5-ஆம், 8-ஆம் பின்களுக்கு நடுவே 22 பைகோஃபாரட் செராமிக் வைத்தால் ஒரு மடங்கிலும் நிற்கும். கால்களை வெட்டி, ஐசியை ஒட்டி சால்டர் செய்யுங்கள்.

ஓ.பி.37-இல் அப்படி வெளிக் கெப்பாசிட்டருக்கு வழியில்லை, அதற்குக் குறைந்தது 5 மடங்கு வேண்டும். ஓ.பி.27-ஐ மாட்டுவதே நேர்வழி. கையில் 37 மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு தந்திரம் உண்டு: ஃபீட்பேக் ஒயருக்குப் பதில் 2 கிலோஓம், பிளஸ் மைனஸ் இன்புட்டுகளுக்கு நடுவே 470 ஓமும் 1 நானோஃபாரட்டும் தொடராக. சிக்னல் கெயின் 1 ஆகவே இருக்கும், ஏனென்றால் இரண்டு இன்புட்டும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் 470 ஓமில் கரன்ட் ஓடாது. ஆனால் சுமார் 340 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் லூப் பார்க்கும் கெயின் 5.26. அந்த இடத்தில் இரைச்சலும் அதே மடங்கு பெருகும், சிக்னல் சோர்ஸின் மின்தடையும் குறைவாக இருக்க வேண்டும். குறைந்த இரைச்சலுக்காக வாங்கிய ஐசியில் இதைச் செய்வது எங்களுக்கு உவப்பில்லை.

கேள்வி: ஃபாலோயரின் ஃபீட்பேக்கில் வெறும் ஒயர் போதுமா, ரெசிஸ்டர் வேண்டுமா? ஒவ்வொரு சர்க்யூட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

பதில்: ஐசியைப் பொறுத்தது. 741 போன்ற பழைய பைபோலாரில் பயஸ் கரன்ட் (இன்புட் பின்னில் எப்போதும் ஓடும் சிறு கரன்ட்) 80 நானோஆம்பியர். சோர்ஸ் 100 கிலோஓம் என்றால் 8 மில்லிவோல்ட் பிழை. ஃபீட்பேக்கிலும் 100 கிலோஓம் வைத்தால் இரண்டும் கழிந்து, ஆஃப்செட் கரன்ட்டின் (இரண்டு பயஸ் கரன்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின்) 2 மில்லிவோல்ட் மட்டும் மிஞ்சும். அந்த 100 கிலோஓமுக்கு இணையாக 100 பைகோஃபாரட் கட்டாயம். இல்லாவிட்டால் இன்புட்டின் சில பைகோஃபாரட்டே லூப்பைக் கலைக்கும். டி.எல்.072 போன்ற ஜேஃபெட் இன்புட்டுக்கு இது எதுவும் தேவையில்லை. பயஸ் கரன்ட்டை உள்ளேயே ரத்து செய்யும் ஓ.பி.27 வகைக்கும் சமன் ரெசிஸ்டரால் பயனில்லை, அங்கே மிச்சக் கரன்ட் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

ஆனால் ஓ.பி.27-க்கு வேறு காரணத்துக்காக ரெசிஸ்டர் வேண்டும். அதன் இரண்டு இன்புட்டுக்கும் நடுவே எதிரெதிராக டயோடுகள் உள்ளன. 1 வோல்ட்டுக்கு மேல் வேகமான படி வந்தால், அவுட்புட் எட்டிப்பிடிப்பதற்குள் டயோடு திறந்து, இன்புட் நேராக அவுட்புட்டில் போய் மோதும். 500 ஓமுக்குக் குறையாமல் போட்டால் அந்தக் கரன்ட்டை அவுட்புட் சமாளிக்கும். 2 கிலோஓமுக்கு மேல் போனால் 20 முதல் 50 பைகோஃபாரட் இணையாக வையுங்கள்.

ஏ.டி.811 போன்ற கரன்ட் ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபயர் என்றால் ஒயரே கூடாது. அங்கே ஃபீட்பேக் ரெசிஸ்டர்தான் காம்பன்சேஷனே. டேட்டாஷீட் சொல்லும் மதிப்பை ஒரு மடங்குக்கும் போட வேண்டும், இணையாகக் கெப்பாசிட்டர் வைக்கவும் கூடாது.

கேள்வி: ±12 வோல்ட்டில் டி.எல்.072 பஃபர். சைன் அலை 11 வோல்ட் உச்சம் வந்தால் கீழ் உச்சியில் அவுட்புட் திடீரென்று மேலே குதிக்கிறது. ஏன்?

பதில்: ஃபேஸ் ரிவர்சல். டி.எல்.072-இன் இன்புட் மைனஸ் சப்ளைக்கு 3 வோல்ட் மேலே வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் சப்ளையில் −9 வோல்ட். அதற்குக் கீழே போகும்போது இன்புட் ஜோடியின் ஒரு பக்கம் செயலிழந்து, பிளஸும் மைனஸும் இடம் மாறியதுபோல ஆகிவிடும். இன்புட்டில் டயோடு வைத்து மைனஸ் ரெயிலுக்குக் கிளாம்ப் செய்தால் போதும் என்று பலர் எழுதுவார்கள். போதாது, ஏனென்றால் பிரச்சினை ரெயிலைத் தொடும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சிக்னலைப் பங்கிட்டுக் குறைத்து உள்ளே விடுங்கள், அல்லது ரிவர்சல் இல்லாத ஓ.பி.ஏ.2134-ஐ அதே பின்களில் மாட்டுங்கள்.

கேள்வி: நான்கு 10 கிலோஓம் 1% ரெசிஸ்டர் வைத்து ஒரு மடங்கு டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். இரண்டு ஒயரிலும் பொதுவாக வரும் ஹம் போகவில்லை. ஆப்-ஆம்ப்பின் காமன் மோட் ரிஜெக்ஷன் (இரண்டு இன்புட்டுக்கும் பொதுவான சிக்னலை ஒதுக்கும் திறன்) 90 டெசிபெல் என்கிறார்களே?

பதில்: 90 டெசிபெல் ஐசிக்கு. உங்கள் சர்க்யூட்டுக்கு விதி எழுதுவது ரெசிஸ்டர்கள். நான்கும் 1% எதிரெதிர்த் திசையில் விலகினால், 2-ஐ 0.04-ஆல் வகுத்து 50 மடங்கு, அதாவது 34 டெசிபெல்தான் கிடைக்கும். 0.1% ரெசிஸ்டர் வாங்கினாலும் மோசமான நிலையில் 54. ஒரு இன்புட் ஒயரில் மட்டும் சோர்ஸ் மின்தடை 100 ஓம் கூடுதலாக இருந்தால், ரெசிஸ்டர்கள் தங்கம் போல இருந்தாலும் 46 டெசிபெல்லோடு சரி.

டிரிம் செய்யலாம். பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 10 கிலோஓமுக்குப் பதில் 9.1 கிலோஓமும் 2 கிலோஓம் மல்டிடர்ன் டிரிம்பாட்டும் தொடராக வையுங்கள். இரண்டு இன்புட்டையும் ஒன்றாக இணைத்து 1 கிலோஹெர்ட்ஸ், 5 வோல்ட் கொடுத்து, அவுட்புட் மிகக் குறையும்வரை திருப்புங்கள். பிறகு அதே சிக்னலை 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். மீண்டும் ஏறினால் ரெசிஸ்டர் குற்றமில்லை. ஒரு பக்கம் ஒயர் நீளமாகவோ பிரெட்போர்டின் தேவையற்ற கெப்பாசிட்டன்ஸ் அதிகமாகவோ இருக்கிறது. ஆனாலும் வெப்பம் மாறும்போது டிரிம் நகரும். ஐ.என்.ஏ.105 போல நான்கு 25 கிலோஓமையும் ஒரே சில்லில் லேசரால் டிரிம் செய்து தரும் ஐசி இருக்கும்போது டிரிம்பாட்டோடு மல்லுக்கட்டுவது, கற்றுக்கொள்ள மட்டும் நல்லது.

அந்த ஐசியை வாங்குகிறவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று: ஒற்றைச் சப்ளையில் ரெஃபரன்ஸ் பின்னுக்கு அரை சப்ளை கொடுக்க இரண்டு 10 கிலோஓம் டிவைடரை நேராக மாட்டுவது. டிவைடரின் 5 கிலோஓம் உள்ளேயிருக்கும் 25 கிலோஓமோடு சேர்ந்து 30 ஆகிவிடும். காமன் மோட் ரிஜெக்ஷன் 21 டெசிபெல்லுக்கு விழும். டிவைடருக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு ஃபாலோயர் போடுங்கள்.

இன்னொன்று. சிக்னல் கெயின் 1 என்பதால் இதையும் ஃபாலோயர் போலவே எண்ணிவிடக் கூடாது. அவுட்புட்டில் பாதிதான் மைனஸுக்குத் திரும்புகிறது. லூப் பார்க்கும் கெயின், அதாவது நாய்ஸ் கெயின், 2. அதனால் 1 மெகாஹெர்ட்ஸ் ஆப்-ஆம்ப்பில் பேண்ட்வித் 500 கிலோஹெர்ட்ஸ்தான், ஆஃப்செட்டும் இரட்டிப்பாக வெளிவரும். பதிலுக்கு நிலைத்தன்மை ஃபாலோயரைவிட மேல். இன்புட் மின்தடையும் இரு பக்கமும் ஒன்றல்ல: பிளஸ் பக்கம் 20 கிலோஓம், மைனஸ் பக்கம், மற்றது கிரவுண்டில் இருக்கும்போது, 10 கிலோஓம். அதிக மின்தடை உள்ள சோர்ஸ் என்றால் இரண்டு கைகளிலும் தனித்தனி ஃபாலோயர் வைத்துவிடுங்கள்.

கேள்வி: இரட்டை ஆப்-ஆம்ப்பில் ஒன்றுதான் தேவை. மற்றதின் பின்களை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அதை ஃபாலோயராக்கி, பிளஸ் இன்புட்டைச் சப்ளையின் நடு வோல்டேஜில் கட்டுங்கள். ±சப்ளை என்றால் கிரவுண்டில். அவுட்புட்டைக் கிரவுண்டில் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: 741 ஃபாலோயரில் 20 கிலோஹெர்ட்ஸ், 10 வோல்ட் உச்ச சைன் அலை கொடுத்தால் முக்கோண அலை வருகிறது. பேண்ட்வித் 1 மெகாஹெர்ட்ஸ் அல்லவா?

பதில்: 1 மெகாஹெர்ட்ஸ் சிறிய சிக்னலுக்கு. பெரிய சிக்னலுக்கு ஸ்லூ ரேட்தான் எல்லை. நீங்கள் கேட்பது மைக்ரோவினாடிக்கு 1.26 வோல்ட், 741 தருவது 0.5. அரைச் சுற்றுக்கு 25 மைக்ரோவினாடி, அதற்குள் 12.5 வோல்ட் ஏறும், எனவே 6.25 வோல்ட் உச்சமுள்ள முக்கோணம். ஆசிலோஸ்கோப்பில் அதையேதான் பார்த்திருப்பீர்கள்.

காரணம் உள்ளே இருக்கிறது. இன்புட் ஜோடியின் வால் கரன்ட் (ஜோடி முழுவதற்கும் கிடைக்கும் மொத்தக் கரன்ட்) 15 முதல் 20 மைக்ரோஆம்பியர், அது நிரப்ப வேண்டிய காம்பன்சேஷன் கெப்பாசிட்டர் 30 பைகோஃபாரட். ஒன்றை மற்றதால் வகுத்தால் அந்த 0.5 சுமாருக்கு வந்து நிற்கும். இரண்டு இன்புட்டுக்கும் வித்தியாசம் நூறு இருநூறு மில்லிவோல்ட்டைத் தாண்டியதும் வால் கரன்ட் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும், அதற்கு மேல் தள்ள எதுவும் இல்லை. ஒரு மடங்கிலும் நிலையாக நிற்பதற்காகத்தான் அந்த 30 பைகோஃபாரட். 10 வோல்ட் உச்சத்துக்கு 741-இன் எல்லை 8 கிலோஹெர்ட்ஸ். மைக்ரோவினாடிக்கு 13 வோல்ட் தரும் டி.எல்.072-இல் 200 கிலோஹெர்ட்ஸைத் தாண்டலாம். சப்ளை ±15 வோல்ட்டாக இருக்கட்டும், மேலே சொன்ன 3 வோல்ட் கணக்கின்படி அங்கே −12 வோல்ட்டாகும் இன்புட் வரம்பையும் நினைவில் வையுங்கள்.